கையை எடுத்த பிறகும் ஒடிந்துகொண்டே போன லோடர்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கிரஷர் லோடர்
கிரஷர் ரேம்ப், வீல் லோடர், பக்கெட் நிறைய ஜல்லி. வலப்பக்கம் டிப்பர் நிற்கிறது, அதன் டிரைவர் கீழே இறங்கி பீடி பற்றவைக்கிறார். லோடர் நடு மூட்டில் மடங்கித்தான் திரும்பும், அதைத்தான் ஒடிவது என்போம். லேசாக வலது ஒடித்துவிட்டு ஸ்டீயரிங்கை நிறுத்தினேன். ஒடிவது நிற்கவில்லை. என் கை அசையவே இல்லை, வண்டியின் முன்பாதி மட்டும் தானாக மடங்கிக்கொண்டே போகிறது. முன் டயர் என் கேபின் ஏணியை நோக்கி வருகிறது, பக்கெட் டிப்பரை நோக்கிப் போகிறது. இடது சுற்றினேன், கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்டது. பிரேக்கை அழுத்தி பக்கெட்டைத் தரையில் வைத்தபோது டிப்பர் பாடிக்கு ஒரு முழம்தான் மிச்சம். அந்த டிரைவர் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது.

ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றி ஆயிலை அனுப்பும் ஆர்பிட்ரோல் வால்வு போய்விட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டார்கள். அதே கதை. அப்புறம் வந்த மெக்கானிக் மெயின் ஸ்டீயரிங் வால்வைப் பிரித்தார். உள்ளே நகர்ந்து ஆயிலுக்கு வழி திறக்கும் தண்டு, அதாவது ஸ்பூல், அதில் இருக்கும் சின்னத் துளையில் கறுப்பாக ஒரு துணுக்கு, பழைய ஓ-ரிங் ரப்பர். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் ஆர்பிட்ரோல் அனுப்பும் பைலட் ஆயில், அதாவது வால்வை இயக்க மட்டும் வரும் ஆயில், ஸ்பூலைத் தள்ளும். நிறுத்தியதும் அந்த ஆயில் துளை வழியாக வடிந்தால்தான் ஸ்பிரிங் ஸ்பூலை நடுவுக்குக் கொண்டுவரும். வடியாவிட்டால் வால்வு திறந்தே கிடக்கும், சிலிண்டருக்கு ஆயில் போய்க்கொண்டே இருக்கும். எள்ளளவு ரப்பர்!

பேக்ஹோ தம்பி
அண்ணே, சாவியைத் திருப்பி இன்ஜினை ஆஃப் செய்திருக்கலாமே? ஆஃப் ஆனாலும் ஸ்டீயரிங் கஷ்டப்பட்டாவது திரும்பும். டீசல் தீர்ந்தபோது என் ஜேசிபியை அப்படித்தான் ரோட்டோரம் ஒதுக்கினேன், தோள்பட்டை கழன்றுவிட்டது.

பொக்லைன்காரன்
என்னுடையது செயின் வண்டி. ஏரி தூர்வாரும் வேலை, கரை மேல் நேராகப் போகவேண்டும். ஒவ்வொரு பக்கச் செயினுக்கும் ஒரு பெடல், இரண்டையும் ஒன்றாக மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது, இடதுபக்கம் தண்ணீர். செயின் விளிம்பில் மண் சரிந்து விழுவதைக் கேபினிலிருந்து பார்த்துக்கொண்டே நிறுத்தினேன்.

செயினை ஓட்டும் டிராவல் மோட்டார் போச்சு, லட்சக்கணக்கில் ஆகும் என்று முதலாளியிடம் ஒருவர் சொல்லிவிட்டார். இன்னொருவர் கேஜ் மாட்டிப் பார்த்தார். வலது பெடலுக்கு பைலட் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 38 கிலோ, இடதுக்கு 20 சொச்சம். பெடலுக்கு அடியில் ரப்பர் பூட் கிழிந்து, காய்ந்த களிமண் இறுகிக் கிடந்தது. பெடல் முழுசாக இறங்கவே இல்லை. ஸ்குரூ டிரைவரும் டீசல் நனைத்த துணியும்தான் செலவு.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வண்டி ஒருபக்கம் இழுத்தால் முதலில் மோட்டாரைக் கழற்றாதீர்கள். மெயின் பிரஷர் 350 கிலோ இருக்கலாம், அதைத் திறந்துவிடுவது 40 கிலோவுக்குள் இருக்கும் பைலட்தான். மெயின் வால்வுக்கு வரும் இடது, வலது செயின்களை முன்னால் ஓட்டும் பைலட் ஹோஸ்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு பெடல் வால்விலோ அதன் ஹோஸிலோ இருக்கிறது. மாறாவிட்டால்தான் ஸ்பூல், பம்ப், மோட்டார் பக்கம் போகவேண்டும். கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, பாதுகாப்பு லீவர் திறந்த நிலையில் சாவியை ஆனில் வைத்து ஜாய்ஸ்டிக்கை நாலு பக்கமும் ஆட்டி, பிரஷரைச் சேர்த்து வைக்கும் அக்குமுலேட்டரில் நிற்பதை இறக்குங்கள். கழற்றிய ஹோஸ் வாயை உடனே மூடுங்கள். அழுக்குத் துணியைத் திணிக்காதீர்கள், அந்த நூல்தான் அடுத்த ரிப்பேர். பைலட் ஃபில்டர் சின்னதுதானே என்று விட்டுவிடுகிறார்கள், மெயின் ஃபில்டரோடு அதையும் மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன்
பேக்ஹோ தம்பிக்கு: அந்த யோசனையைப் பெரிய லோடரில் செய்து பார்க்காதே. உன் வண்டியில் ஆர்பிட்ரோல் ஆயிலை நேராக ஸ்டீயரிங் சிலிண்டருக்கு அனுப்புகிறது, அதனால் இன்ஜின் நின்றாலும் அதையே கை பம்பாக வைத்துச் சமாளிக்கலாம். பைலட் ஸ்டீயரிங்கில் உன் கை தள்ளும் ஆயில் ஸ்பூலை மட்டும்தான் நகர்த்தும். பம்ப் ஓடவில்லை என்றால் திறந்த வால்வு வழியாகப் போவதற்கு ஆயிலே கிடையாது. நீ சுற்றிக்கொண்டே இருப்பாய், வண்டி தன் வழியில் போகும்.

அதற்காகத்தான் எமர்ஜென்சி ஸ்டீயரிங் பம்ப். சில வண்டிகளில் பேட்டரியில் ஓடும், சிலவற்றில் சக்கரம் உருளும்வரை கியர்பாக்ஸ் ஓட்டும். சக்கர வண்டிகளின் ஸ்டீயரிங்குக்கென்றே ஐஎஸ்ஓ 5010 என்று ஒரு தரநிலை உண்டு, அது இந்த மாற்று ஏற்பாட்டையும் பேசுகிறது. நம் ஊரில் அந்த பம்பின் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்றுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருமுறை சரிவில் இன்ஜின் நின்று, டம்பர் நேராகப் பாறை ஓரத்துக்கு உருண்டது. ஆபரேட்டர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைச் சுற்று சுற்று என்று சுற்றுகிறார், சக்கரம் அசையவில்லை. ஓரத்தில் கொட்டியிருந்த மண் மேடு தடுத்தது. அதனால்தான் சொல்கிறேன், தெரியாமல் எழுதாதே.

பேக்ஹோ தம்பி
சரி சார், என் வண்டியைத்தான் சொன்னேன். இவ்வளவு திட்டு எதற்கு?

மஸ்கட் மெக்கானிக்
எங்கள் யார்டில் நேர் எதிர். முழுசாக ஒடிவதற்குக் கொஞ்சம் முன்பே ஸ்டீயரிங் இறுகுகிறது என்று ஒரு ஆபரேட்டர் புகார் சொன்னார். நடு மூட்டில் இருக்கும் சின்ன வால்வு கடைசியில் பைலட் ஆயிலை நிறுத்துவதற்கென்றே இருக்கிறது, முன் ஃபிரேமும் பின் ஃபிரேமும் மோதக் கூடாது என்று. யாரோ அதன் போல்ட்டைத் தளர்த்திக் கொடுத்து அவரைச் சந்தோஷப்படுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முழுத் திருப்பத்துக்கும் ‘டங்’. சீட் வழியாக முதுகெலும்பில் ஏறும் அந்தச் சத்தம். ஸ்டாப்பர் வெல்டிங்கில் விரிசல் தெரிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கிரஷர் லோடர்
பொக்லைன் அண்ணே, ஹோஸ் மாற்றும் சோதனையை லோடரிலும் செய்யலாமா?

பொக்லைன்காரன்
செய்யலாம். ஆனால் ஆர்பிட்ரோலின் இரண்டு பைலட் ஹோஸையும் மாற்றினால் வலது சுற்றும்போது வண்டி இடது ஒடியும். காலி இடத்தில், பக்கெட்டில் லோடு இல்லாமல், நடு மூட்டுப் பக்கம் யாரும் நிற்காமல் பாருங்கள். பார்த்ததும் பழையபடி மாட்டிவிடுங்கள். எங்கள் சைட்டில் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து ஏறினார், தார் டிரம்மெல்லாம் சப்பை.