தண்ணீரில் சர்க்கரையைப் பிடிக்க முயன்றவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கரைசல்:
செயற்கை ஏற்பிகளோடு, அதாவது வேறொரு மூலக்கூறைப் பிடிப்பதற்கென்றே நாம் செய்யும் மூலக்கூறுகளோடு, தண்ணீரில் மல்லுக்கட்டியவர்கள் இங்கே இருந்தால் பேசலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். முதலில் என் கதை.

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. உள்பக்கம் ஹைட்ரஜன் பிணைப்பு போடும் அமைடு குழுக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வளைய மூலக்கூறு செய்திருந்தேன். குளோரோஃபார்மில் ஆக்டைல் குளுக்கோசைடை (எண்ணெய் வால் கட்டிய குளுக்கோஸ்) கெட்டியாகப் பிடித்தது. ஆய்வகமே மகிழ்ந்தது. அப்புறம் தண்ணீரில் கரைவதற்காக வெளிப்பக்கம் கார்பாக்சிலேட் குழுக்களைக் கட்டி, கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீர்) கரைத்து, சாதாரண குளுக்கோஸைக் கொடுத்தேன்.

குளோரோஃபார்மில் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் போட்டியே இல்லை என்பதை அன்றுவரை நான் சரியாக யோசித்ததே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 55 மோல் தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. நான் போட்ட குளுக்கோஸ் சில மில்லிமோல். குளுக்கோஸின் ஹைட்ராக்சில்களைச் சுற்றிலும் தண்ணீர், என் வளையத்துக்குள்ளும் தண்ணீர். இரண்டு பக்கத்தையும் உரித்தெடுத்த பிறகுதான் அவை சேர முடியும். அதிலும் என் அமைடுகளுக்கு, சர்க்கரையின் ஹைட்ராக்சிலும் தண்ணீரின் ஹைட்ராக்சிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனாலும் என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) உச்சிகள் நகர்ந்தன! பத்து பத்து மைக்ரோலிட்டராகச் சர்க்கரைக் கரைசலை விட்டு, குழாயைத் தலைகீழாக்கி ஆட்டி, ஒவ்வொரு முறையும் நிறமாலை எடுத்தேன். ஏற்பியின் அரோமாட்டிக் (பென்சீன் போன்ற) வளையத்துக்குரிய உச்சி 0.01, 0.02, 0.04 பிபிஎம் (உச்சியின் இடத்தைக் குறிக்கும் அலகு) என்று ஒழுங்காக ஏறியது. வளைகோடு அழகாகப் பொருந்தியது. இரண்டு வாரம் அதை நம்பினேன்.

பக்கத்து மேசையில் இருந்த அண்ணா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சர்க்கரை இல்லாம வெறும் கனநீரை விட்டுப் பாத்தியா?" விட்டேன். உச்சி அதே அளவு நகர்ந்தது. என் ஏற்பிகள் எண்ணெய்த்தன்மையுள்ள முகங்களால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்திருக்கின்றன. நீர்க்க நீர்க்கப் பிரிந்திருக்கின்றன. நான் அளந்ததெல்லாம் அந்தப் பிரிவைத்தான். அன்று மாலை முழுக்க யாரோடும் பேசவில்லை.

அன்றிலிருந்து விடப்போகும் சர்க்கரைக் கரைசலிலும் அதே செறிவில் ஏற்பியைக் கரைத்துவிடுவேன், ஏற்பியின் அளவு கடைசிவரை மாறாது. பி.எச். மாறாமல் வைக்கும் பஃபர் கட்டாயம். குளுக்கோஸைக் கரைத்து ஓர் இரவு விட்டுவிடுவேன். அதன் இரண்டு வடிவங்களான ஆல்ஃபாவும் பீட்டாவும் 36-க்கு 64 என்ற சமநிலைக்கு வரும்வரை பொறுக்காவிட்டால் எண்கள் நம் கண்முன்னே ஊர்ந்துகொண்டே இருக்கும்.

வளையம்:
நான் போரானிக் அமிலப் பக்கம் இருந்து வருகிறேன். அங்கே ஹைட்ரஜன் பிணைப்பை நம்பி இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்களோடு போரான் மீளக்கூடிய சகப்பிணைப்பே போட்டுவிடும், தண்ணீர் சுற்றி இருந்தாலும். ஆனால் நான் வாங்கிய முதல் அடி ஃப்ரக்டோஸிடம். ஃபீனைல்போரானிக் அமிலம், பி.எச். 7.4-ல் ஃப்ரக்டோஸுக்கு பிணைப்பு மாறிலி (எவ்வளவு பெரிதோ அவ்வளவு கெட்டியான பிடி) 160, குளுக்கோஸுக்கு 5-கூட இல்லை. பி.எச். கொஞ்சம் மாறினாலும் எல்லாம் மாறும். இரண்டு போரான்களைச் சரியான இடைவெளியில் வைத்தால் குளுக்கோஸ் பக்கம் சாய வைக்கலாம். இடைவெளிதான் எல்லாம், அதற்கே எனக்கு ஒன்றரை ஆண்டு போனது.

நீர்த்துளி:
கரைசல் அக்கா, உங்கள் கதையைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கனநீரில் உள்நியமமாக, அதாவது மற்ற உச்சிகளின் இடத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அடையாளமாக, எல்லோரும் டையாக்சேன் ஒரு சொட்டு போடுவார்கள், 3.75 பிபிஎம்-ல் ஒற்றை உச்சி. தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், எதோடும் ஒட்டாது என்றுதான் எனக்கும் சொல்லித் தந்தார்கள். நாஃப்தலீன் சுவர்களும் உள்ளே அமைடுகளும் கொண்ட ஒரு குழாய் மூலக்கூறை அளந்தபோது அந்த உச்சி இடத்தில் இல்லை. மேல்புலத்துக்கு, அதாவது குறைந்த பிபிஎம் பக்கம், போயிருந்தது. கருவி சரியில்லை என்று மூன்று முறை ஷிம் செய்தேன் (காந்தப்புலத்தைச் சீராக்கினேன்). பிறகுதான், ஷென்ழென்னில் வெய் ஜியாங் குழு 2016-லேயே இவ்வகைக் குழாய்களுக்குள் டையாக்சேன் போன்ற நீர்விரும்பிகள் நுழைவதைக் காட்டியிருப்பது தெரிந்தது. நான் நியமம் என்று போட்டதே விருந்தாளி!

அமைடின் ஹைட்ரஜன் அந்த ஆழத்தில், எண்ணெய்ச் சுவர்களுக்கு நடுவில் இருப்பதால் அங்கே தண்ணீரால் வசதியாக நிற்க முடிவதில்லை. வெளியே கரைசலில் கிடைக்கும் பிணைப்புகள் அதற்கு உள்ளே கிடைப்பதில்லை. டையாக்சேன் வந்தால் தண்ணீர் சந்தோஷமாக வெளியேறிவிடுகிறது.

கரைசல்:
தம்பி, இதைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். ஹைட்ராக்சில்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீட்டா குளுக்கோஸின் மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நாற்காலி வடிவத்தில் ஹைட்ராக்சில்கள் எல்லாம் பக்கவாட்டில் விளிம்பைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் வெறும் கார்பன்-ஹைட்ரஜன். நீர்விரும்பி என்று பெயர் வாங்கிய மூலக்கூறுக்கே இரண்டு எண்ணெய் முகங்கள். பிரிஸ்டலில் ஆன்டனி டேவிஸ் குழு இதைப் பிடித்துக்கொண்டுதான் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது. மேலே ஓர் அரோமாட்டிக் கூரை, கீழே ஒரு தரை, தூண்களில் ஹைட்ரஜன் பிணைப்பு போடும் ஆறு யூரியா குழுக்கள். 2019-ல் அவர்கள் வெளியிட்ட ஏற்பிக்குக் குளுக்கோஸோடு பிணைப்பு மாறிலி ஏறக்குறைய 18,000. கேலக்டோஸில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் செங்குத்தாகத் திரும்பியிருக்கிறது, அது கூரையில் இடிக்கிறது. தேர்ந்தெடுக்கும் திறன் அங்கிருந்து வருகிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் 5 மில்லிமோலார் அளவில் இருக்கும் என்பதால் இந்த எண் வெறும் அழகுக்கு இல்லை. சர்க்கரை அளவுக்கேற்ப வேலை செய்யும் இன்சுலின் என்ற குறிக்கோளோடு அந்தத் தொழில்நுட்பத்தை நோவோ நார்டிஸ்க் 2018-லேயே வாங்கிவிட்டது.

என் வளையத்துக்கும் கூரையும் தரையும் கட்டினேன். எட்டு மாதம். கடைசியில் கிடைத்த பிணைப்பு மாறிலி 40. என்.எம்.ஆரில் 40, வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில் 38. வெறும் கனநீர் விட்டபோது உச்சி அசையவே இல்லை.

வளையம்:
அந்த 40-க்கு என் வாழ்த்துகள். ஏற்பியைத் தண்ணீரில் ஒட்டாமல் வைக்க வெளியே என்ன கட்டினீர்கள், கிளைத்த கார்பாக்சிலேட்டா?

கரைசல்:
ஆமாம், ஒவ்வொரு கிளையிலும் மூன்று. மில்லிமோலார்வரை தனித்தனியாக நின்றது.