பொன்பூச்சா, பொன்பூத்தலா?

ஐயா, பெரு நாட்டுப் பழங்கால நகைகளோட விளக்க அட்டைகளுக்கான தமிழ்ச் சொல்பட்டியல்ல, நீங்க டிப்ளீஷன் கில்டிங்குக்கு (கலப்பு உலோகத்தோட மேலாப்புலேர்ந்து செம்பை எடுத்துட்டுத் தங்கத்தைத் தெரிய வைக்கிற முறை) "செம்புநீக்க முலாம்"னு போட்டிருந்தீங்க. செம்பு நீங்குதுங்கிறது சரிதான், அந்த முலாம்தான் எனக்கு உறுத்துது. முலாம்னாலே நம்மாளு மனசுல என்ன வரும், உள்ள மட்டச் சரக்கு, மேல ஊரை ஏமாத்த ஒரு பூச்சு. பழங்காலப் பெருவுல சிமூ மக்கள், அவங்களுக்கு முந்தின சிக்கான் மக்கள், இவங்களோட பட்டறைக்காரங்க ராசாமாருக்குப் பண்ணது அது இல்லியே, மேல எதையுமே பூசலியே!

தங்கம், வெள்ளி, செம்பு மூணையும் கலந்து உருக்கி (தும்பாகாங்கிறாங்களே, அந்த வகையறா) தகடா தட்டுறாங்க, தட்டத் தட்ட தகடு விறைச்சுப் போகும், அதனால திரும்பத் திரும்ப நெருப்புல காய்ச்சணும், காய்ச்சும்போது மேலாப்புல இருக்கிற செம்பு மட்டும் கருத்து ஆக்ஸைடா மாறிடும், அந்தக் கருப்பைப் புளிப்பான செடிச்சாறு மாதிரி ஏதாவது ஒண்ணுல போட்டு எடுத்துடலாம். வீட்ல செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே கதை. இப்படி ஒவ்வொரு வாட்டியும் மேல் படலத்துல செம்பு கொறஞ்சுகிட்டே வரும். வெள்ளி நிறைய இருந்தா முதல்ல வெளிறிப் போய்த்தான் நிக்கும், அந்த வெள்ளியையும் அரிக்கிற உப்புகளை வெச்சு எடுத்த பிறகுதான் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அப்புறம் மெருகு போட்டா முழுத் தங்கம் மாதிரி ஜொலிக்கும். அந்தத் தங்கம் மொதல்லேர்ந்தே உள்ள இருந்ததுதான்.

இதை ஆராய்ஞ்ச ஹெதர் லெக்ட்மன் அம்மையார் சொல்றதும் இதுதான், வெளிய தெரியுற பொருள் உள்ளயும் இருந்தாகணும்ங்கிறது பெரு இருக்கிற ஆண்டீஸ் மலைப்பகுதிக்காரங்களோட நினைப்பு, வெறும் பளபளப்புக்காக மட்டும் இத்தனை பாடு பட்டிருக்க மாட்டாங்கன்னு. எனக்கு இது சரின்னே படுது.

அதனால என் பரிந்துரை: பொன்பூத்தல். செவத்துல உப்பு பூக்குது, நீறு பூத்த நெருப்புங்கிறோம், எல்லாமே உள்ளேருந்து மேல வர்றதுதான். செம்பும் வெள்ளியும் மட்டும் கலந்த தகட்டுல இதே வேலையைப் பண்ணா மேல வெள்ளி நிக்கும், அதுக்கு வெள்ளிபூத்தல்னு கையோட போட்டுக்கலாம். தயவுசெஞ்சு யாரும் "பொன்பூப்பு"ன்னு சுருக்கிடாதீங்க, பத்திரிகை அடிச்சு மண்டபம் பிடிக்க வேண்டியதாயிடும் :-)

தம்பி, மேல தங்கம் தெரியுற எல்லாத்துக்கும் ஒரே சொல்லு போதாதான்னு கேட்டிருந்தீங்க. போதாது. வடக்குப் பெருவுல லோமா நெக்ராங்கிற இடத்துல கிடைச்ச, சிக்கானுக்கும் முந்தின மோச்சே மக்களோட செம்புத் தகடுங்க மேல இருக்கிற தங்கம் 0.5லேர்ந்து 2 மைக்ரான்தான் கனம், அதை உப்பு, படிகாரம் மாதிரி சரக்கு போட்ட தண்ணில தங்கத்தைக் கரைச்சு செம்பு மேல படிய வெச்சிருக்கணும்னு அதே அம்மையார் குழு 1982ல காட்டினாங்க. கரண்ட் இல்லாத காலத்துல! அது வெளியிலேர்ந்து வந்து ஒட்டுறது, அதுக்கு முலாம்ங்கிற சொல்லு கச்சிதமா பொருந்தும். ரெண்டையும் ஒரே பேர்ல போட்டா அந்த வித்தியாசமே காணாமப் போயிடும்.

மத்த சொல்லுங்கள்ல எனக்குப் பெருசா சண்டை இல்ல. நடுமூக்குலேர்ந்து வாயை மறைச்சுத் தொங்குறதுக்குப் புல்லாக்கு இருக்கு, வளர்த்த காதுல போடுற வட்டத்துக்குக் குழை இருக்கு. சிப்பான் பிரபுங்கிற மோச்சே தலைவனோட கல்லறையில (1987ல தொல்லியல் ஆய்வாளர் வால்டர் ஆல்வா தோண்டினது) கிடைச்ச வேர்க்கடலை வடிவ மாலையை மட்டும் "தங்க மாலை"ன்னு எழுதாதீங்க. வலப்பக்கம் 10 கடலை தங்கம், இடப்பக்கம் 10 கடலை வெள்ளி, பக்கம் பிரிச்சதே வேணும்னுதான். பொன்வெள்ளிக் கடலைமாலைன்னே போடலாம்.

பொன்பூத்தல்ல ஒரு ஓட்டை இருக்கு, அதை நானே சொல்லிடறேன். பூக்கிறது தானா நடக்கிற காரியம், பட்டறைக்காரன் உழைப்பு அதுல தெரியல. வினையாச் சொல்லணும்னா "பொன்பூக்கவைத்தல்"னு நீட்ட வேண்டியிருக்கு, பொருள் விளக்க அட்டையில ஒரு வரியை அதுவே தின்னுடும். சின்னதா யாருக்காவது தோணுச்சுன்னா போடுங்க, முலாம் மட்டும் வேணாம்.