மினிடிவி (MiniDV) வீடியோ டேப்: யூஎஸ்பியில் போட்டோ மட்டும் வருது, வீடியோ வரலை

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ:
கல்யாணம், நென்மாற வேல திருவிழா எல்லாம் சேர்த்து 40 மினிடிவி டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏத்தணும். சோனி ஹேண்டிகேம், உபுண்டு டெஸ்க்டாப். யூஎஸ்பி ஒயர் மாட்டினா மெமரி ஸ்டிக்கில் இருக்கிற போட்டோ மட்டும் தெரியுது. நெட்டில் பார்த்து ரா1394 (raw1394)ங்கிற ஃபயர்வயர் மாட்யூலை ஏத்தப் பார்த்தா, அப்படி ஒண்ணு இல்லைங்குது. வேற டிரைவர் போடணுமா?

பாலக்காடு டக்ஸ்:
டிரைவர் குத்தம் இல்லைங்க. டேப்பில் இருக்கிற வீடியோ வெளியே வர்ற வழி, கேமராவில் 'ஐ.லிங்க்'னு போட்ட சின்ன 4 பின் ஓட்டை. ஃபயர்வயருக்கு சோனி வச்ச பேர்தான் அது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒண்ணு, 4 பின்–6 பின் ஒயர் ஒண்ணு வாங்குங்க. யூஎஸ்பி–ஃபயர்வயர்னு மலிவா விக்கிற முனை வெறும் முனைதான், காசு தண்டம். ரா1394 2.6.37 கெர்னலிலேயே போயிருச்சு. இப்ப ஃபயர்வயர் மாட்யூல் தானா ஏறிக்கும்.

கேமராவை அணைச்சு வச்சு ஒயரை மாட்டுங்க. 6 பின் பக்கம் கரண்ட் ஓடுது, தப்பா சொருகினா போர்ட் போயிரும். அப்புறம் பிளே மோடில் போட்டு, டேப்பை ஃபைலா இறக்குற டிவிகிராப் (dvgrab) கமாண்டை ஓட்டுங்க. அதில் ஆட்டோஸ்ப்ளிட், டைம்ஸ்டாம்ப்ங்கிற ரெண்டு ஆப்ஷனும் கொடுத்தா ஷாட் ஷாட்டா, எடுத்த தேதியோட ஃபைல் விழும். சைஸை 0 ஆக்குங்க, இல்லேன்னா 1024 எம்பிக்கு ஒருக்கா வெட்டும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி, 40 டேப்புக்கு 520 ஜிபி ஆகும். ஃபேட்32 டிஸ்க் வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஃபைல் நிக்காது.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ:
கார்டு போட்டாச்சு, எல்எஸ்பிசிஐ (lspci) கமாண்ட் லிஸ்டில் தெரியுது. ஆனா டிவிகிராப் கேமரா இல்லைங்குது. சூடோ (sudo) போட்டு அட்மினா ஓட்டினா ஓடுது.

பாலக்காடு டக்ஸ்:
பர்மிஷன்தான். லினக்ஸ் வைக்கிற பேரில் எஃப்டபிள்யூ0 (fw0) உங்க கார்டு, எஃப்டபிள்யூ1 (fw1) கேமரா. யூசரை வீடியோ குரூப்பில் சேர்த்து, லாகவுட் பண்ணி திரும்ப வாங்க.

வேலந்தாவளம் எடிட்டர்:
டேப்பை உள்ளே தள்றதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா ரீலைப் பாருங்கண்ணா. எடவப்பாதி மழை ஈரத்தில் கிடந்ததுன்னா வெள்ளையா பூஞ்சை படிஞ்சிருக்கும். அதை ஓட்டினா கேமராவில் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும், தனியா எடுத்து வைங்க. 'டேமேஜ்டு ஃப்ரேம்'னு எல்லா டேப்பிலும் வந்தா ஹெட் அழுக்கு. கிளீனிங் கேசட் 10 செகண்ட், அதுக்கு மேல் தேய்க்காதீங்க. ஒரே டேப்பில் மட்டும்னா அது எல்பியில் (லாங் பிளே, டேப்பை மெதுவா ஓட்டி அதிக நேரம் எடுக்கிற மோடு) எடுத்ததான்னு பாருங்க. எல்பி டேப் எடுத்த கேமராவிலேயே ஓட்டினாத்தான் பல சமயம் சுத்தமா வரும்.

எம்பி4 ஆக்கும்போது எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) கன்வர்ட்டரில், இன்டர்லேஸ் கோட்டை நீக்குற பிடபிள்யூடிஃப் (bwdif) ஃபில்டர் போடுங்க, இல்லேன்னா யானை தலையாட்டுறப்ப ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். டிவிகிராப் இறக்கின டிவி (DV) ஃபைலை அழிச்சிராதீங்க, டேப்பில் இருந்த அதே டேட்டா அதுதான்.