நகர்மன்றத் தீர்மான நகல் வாங்கியவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். எங்கள் வார்டு பூங்காவைச் சீரமைக்க நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டு, பட்ஜெட்டிலும் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்கிறார் கவுன்சிலர். எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. இதற்கிடையே 'நமக்கு நாமே' திட்டத்தில் செய்யலாம், செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் திரட்டுங்கள் என்றும் பேச்சு. பட்ஜெட்டில் பணம் இருந்தால் எதற்கு வசூல்?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம், 30 நாளில் பதில் தரவேண்டும், அதெல்லாம் சரி. தீர்மான எண்ணும் தேதியும் தெரியாமல் எப்படிக் கேட்பது? 'விவரம் தெளிவாக இல்லை' என்று திருப்பிவிடுவார்களோ? கூட்டத்தின் பொருள் நிரல், எஸ்டிமேட் நகலையும் அதே மனுவில் சேர்க்கலாமா? இப்படி மனு போட்டவர்களிடம் மாதிரி மனு இருந்தால், உங்கள் பெயர், முகவரியை மறைத்துவிட்டுப் பகிருங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அனுப்பிவிடப் பார்க்கிறோம்.