பெர்லின் சுவர் எங்கேய்யா?

வில்லியனூர் வேந்தன்: ஞாயித்துக்கிழமை பாண்டி ஒயிட் டவுன்ல போட்ட ஜெர்மன் படத்துக்குப் போயிருந்தேன். 1956, கிழக்கு ஜெர்மனி, கடைசி வருஷ ஸ்கூல் பசங்க. ஹங்கேரியில சோவியத்தை எதிர்த்து எழுந்து செத்தவங்களுக்காக கிளாஸ்ல வாயே திறக்காம உக்காந்திருக்காங்க. கல்வி மந்திரியே வந்து மிரட்டுறாரு. கடைசியில மேற்கு பெர்லினுக்குத் தப்பியோடுறாங்களாம். எப்படி? ரயிலேறி! பெர்லின் சுவர் ஒரு ஷாட்ல கூட இல்ல. செட் போடக் காசில்லாதவனுக்கு எதுக்கு சரித்திரப் படம்?

முத்தியால்பேட்டை பெருசு: தம்பி, சுவர் எழுப்பினது 1961 ஆகஸ்ட் 13. 1956 கதையில அதை எப்படிக் காட்டுவான்? எழுதறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிங்கப்பா.

வில்லியனூர் வேந்தன்: வந்துட்டாரு வாத்தியார். சரி, சுவர் இல்ல. அப்ப அது தப்பியோடுறது இல்ல, டிக்கெட் எடுத்துப் போற பயணம். போஸ்டர்ல மட்டும் எதுக்கு அந்த பில்டப்பு?

முத்தியால்பேட்டை பெருசு: கிழக்கு-மேற்கு ஜெர்மனி எல்லையை 1952லயே வேலி போட்டு அடைச்சாச்சு. கிழக்கு ஜெர்மனிக்கு நடுவுல இருந்தாலும் மேற்கு பெர்லின் மேற்கத்தியர் கையில, அதனால பெர்லின் மட்டும்தான் ஓட்டை. 1949லேர்ந்து 1961க்குள்ள கிழக்கை விட்டுப் போனவங்க ஏறக்குறைய 27 லட்சம் பேர், அதுல நிறைய பேர் அந்த ஓட்டை வழியாத்தான். அதை அடைக்கத்தான் சுவரே வந்துச்சு.

வில்லியனூர் வேந்தன்: 27 லட்சம் பேர் போனா அதுக்குப் பேரு திருவிழாக் கூட்டம். முதல் சீன்லயே ரெண்டு பசங்க மேற்கு பெர்லின் போய் தியேட்டர்ல உக்காந்துட்டு ஜாலியா திரும்பி வரானுங்க. நீங்க முழிச்சிட்டு இருந்தீங்களா?

மஞ்சக்குப்பம் மணி: ஆல்பேட்டை செக்போஸ்ட்ல கூட சுவர் கிடையாது. ரெண்டு பாட்டில் எடுத்துக்கிட்டு பாண்டியிலேர்ந்து கடலூர் வந்து பாருங்க வேந்தன், அப்ப தெரியும் 😂

லாஸ்பேட்டை லலிதா: அந்தத் தியேட்டர்ல நியூஸ் ரீல்ல ஹங்கேரியப் பாத்துதானே எல்லாம் ஆரம்பிக்குது? போய்த் திரும்பி வந்தா சினிமா. வீட்டை, அம்மாவை விட்டுட்டுத் திரும்பாம இருந்தா அது வேற இல்லையா?

வில்லியனூர் வேந்தன்: அக்கா, அதே ரயில், அதே ஸ்டேஷன். சுவர் எங்க?

முத்தியால்பேட்டை பெருசு: சுவர் 1961. இன்னொரு தடவை சொல்றேன், 1961. ஸ்டேஷன்ல, ரயில்ல போலீஸ் சோதனை இருந்துச்சு. பெட்டி பெருசா இருந்தாலே இறக்கி விசாரிப்பான். 1908ல 'இந்தியா' பத்திரிகை மேல வழக்கு வந்ததும் பாரதி புதுச்சேரிக்கு வந்தாரே, எந்தச் சுவரை எகிறிக் குதிச்சாரு? அதுவும் டூரா?

வில்லியனூர் வேந்தன்: பாரதியை இதுல இழுக்காதீங்க. போன வருஷம் மணக்குள விநாயகர் விவாதத்துலயும் இதே வேலைதான் பண்ணீங்க. பதில் வராதப்ப பாரதி.

மஞ்சக்குப்பம் மணி: பாரதி 1918ல திரும்பினப்ப வச்சிருந்தது எங்க கடலூர் ஜெயில்லதான். அதையும் எழுதுங்க பெருசு, புதுச்சேரி பெருமையே பேசாம.

முத்தியால்பேட்டை பெருசு: பத்து வருஷம் சோறு போட்டது நாங்க, மூணு வாரத்துக்கு மேல உள்ள வச்சது நீங்க. இதுல பெருமை வேறயா!

மஞ்சக்குப்பம் மணி: வெள்ளைக்காரன் வச்சான்யா, நாங்களா வச்சோம்? உங்களுக்குச் சோறு போட்டதும் பிரெஞ்சுக்காரன் நிழல்லதானே?

முத்தியால்பேட்டை பெருசு: அந்த பிரெஞ்சுக்காரன்தான் 1936 ஜூலை 30ல புதுச்சேரி மில் தொழிலாளிங்க 12 பேரைச் சுட்டான். எனக்கே நிழல் பத்திப் பாடமா?

அரியாங்குப்பம் கோலி: படத்துல ஹங்கேரி ஃபுட்பால் வீரர் புஷ்காஷ் செத்துட்டாருன்னு ரேடியோல வருதே, அது நெசமா? பசங்க அவருக்குத்தான் துக்கம்னு சொல்லி சமாளிக்கிறாங்க.

லாஸ்பேட்டை லலிதா: வதந்தி. அந்த வருஷம் கிளப் டீமோட வெளிநாடு போனவரு, அப்பத் திரும்பல. அப்புறம் ரியல் மாட்ரிட் போய், 2006 வரைக்கும் இருந்தாரு.

அரியாங்குப்பம் கோலி: அப்ப அவரும் ஊர் திரும்பாதவர்தானா! அவர் என்ன சுவரு தாண்டினாரு வேந்தன்?

வில்லியனூர் வேந்தன்: எல்லாரும் ஒரு கோஷ்டி சேர்ந்துட்டீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. சுவர் இல்லாம தப்பியோடுறது எப்படி?

முத்தியால்பேட்டை பெருசு: 1961.

வில்லியனூர் வேந்தன்: அதையே எத்தனை தடவை சொல்வீங்க?

முத்தியால்பேட்டை பெருசு: நீ எத்தனை தடவை கேக்குறியோ அத்தனை தடவை. அடுத்த ஞாயிறு ரெண்டாவது காட்சி இருக்காம், வா, பக்கத்துல உக்காந்து சொல்றேன்.

வில்லியனூர் வேந்தன்: உங்க பக்கத்துலயா? போன தடவை பாதிப் படத்துல குறட்டை விட்டது யாருன்னு லலிதா அக்காவைக் கேளுங்க.

லாஸ்பேட்டை லலிதா: என்னை இழுக்காதீங்கப்பா.