நைட்ரஜனின் சுழற்சி ராமன் கோடுகள்: அனுபவமுள்ளோரின் உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். டர்பனில் முதுகலை இயற்பியல் ஆய்வுக்காக, 532 நானோமீட்டர் பச்சை லேசரைக் கொண்டு நைட்ரஜன் வாயுவின் சுழற்சி ராமன் நிறமாலையை (மூலக்கூறுகளின் சுழற்சியால் நிறம் சற்றே மாறிச் சிதறும் ஒளியின் கோடுகளை) பதிவு செய்ய முயன்று வருகிறேன்.

நைட்ரஜனின் சுழற்சி மாறிலி (சுழற்சி ஆற்றல் நிலைகளின் இடைவெளியைத் தீர்மானிக்கும் எண்) ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.99 என்பதால், முதல் கோடு லேசர் கோட்டிலிருந்து 12 அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) தள்ளியும், அடுத்தடுத்த கோடுகள் எட்டெட்டு அலையெண் இடைவெளியிலும் விழ வேண்டும். பன்னிரண்டு என்பது இங்கே வெறும் 0.34 நானோமீட்டர்தான்; ஆகவே ராலே சிதறலின் (நிறம் மாறாமல் சிதறும் லேசர் ஒளியின்) வெளிச்சம் முதல் இரண்டு கோடுகளை முழுமையாக விழுங்கிவிடுகிறது.

அதைவிட என்னை வருத்துவது கோடுகளின் செறிவுகளின் (ஒளிவலிமைகளின்) விகிதம். நைட்ரஜன் அணுக்கருவின் தற்சுழற்சி (ஸ்பின்) 1 என்பதால், இரட்டை எண் சுழற்சி நிலைகளின் கோடுகள் ஒற்றை எண் நிலைகளின் கோடுகளைப் போல இருமடங்கு வலுவாக இருக்க வேண்டும். (1929இல் இத்தாலிய இயற்பியலாளர் ரசெட்டி கண்ட இந்த ஏற்ற இறக்கமே, அணுக்கருவுக்குள் எலக்ட்ரான்கள் உண்டு என்ற அக்காலக் கருத்தை அசைத்தது, அதனால்தான் இதை என் கண்ணால் பார்க்க இத்தனை பிடிவாதம்.) வெப்பநிலைக்கேற்ப மூலக்கூறுகள் இந்நிலைகளில் பங்கிடப்படும் போல்ட்ஸ்மன் பரவலைக் கணக்கில் கொண்ட பின்னும் எனக்குக் கிடைப்பது ஒன்றரை மடங்கே. நிறமாலைமானியில் ஒளி நுழையும் பிளவை அகலமாக வைப்பதால் அண்டைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என ஐயுறுகிறேன்; குறுக்கினாலோ ஒளி போதவில்லை.

வாயுவின் அழுத்தத்தைச் சில வளிமண்டலம் வரை உயர்த்தலாமா, அல்லது லேசர் கற்றையை ஆடிகளால் பலமுறை வாயுவின் ஊடே செலுத்துவது மேலா? ராலே ஒளியைத் தடுக்கக் குறுகிய பட்டை வடிப்பானைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.