பிஎச்பி: உரையை வரிகளாகப் பிரிக்கும்போது 'அ' மட்டும் உடைவது ஏன்?

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றுவதற்காகப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு சிறு பக்கம் எழுதி வருகிறேன். தன்னார்வலர்கள் ஒரு டெக்ஸ்ட்ஏரியா பெட்டிக்குள் வரிக்கு ஒரு நூற்பெயராகத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். அதைச் சர்வரில் வரிவரியாகப் பிரித்து, வெற்று வரிகளை நீக்கி, எஞ்சிய ஒவ்வொரு வரியையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் அட்டவணையில் ஒரு பதிவாகச் சேர்க்க வேண்டும்.

முதலில், உரையைத் துண்டுகளாகப் பிரிக்கும் எக்ஸ்ப்ளோட் செயற்கூற்றுக்கு, வரிமுறிவைக் குறிக்கும் பிஎச்பி_இஓஎல் என்ற மாறிலியைக் கொடுத்திருந்தேன். என் விண்டோஸ் கணினியில் அது ஒழுங்காக வேலை செய்தது. லினக்ஸ் சர்வருக்கு மாற்றியதும் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டது. பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் இரண்டு பெயர்களை ஒப்பிட்டால் அவை வேறு வேறு என்று விடை வந்தது. எல்லா வகை வரிமுறிவுகளையும் ஏற்கும் என்று படித்ததால் பிரெக்_ஸ்ப்ளிட்டுக்கு மாறி, ரெஜெக்ஸாக (தேட வேண்டிய எழுத்து அமைப்பைச் சொல்லும் குறியீடாக) பேக்ஸ்லாஷையும் பெரிய ஆரையும் மட்டும் கொடுத்தேன். ஒட்டியிருந்த குறி போய்விட்டது.

ஆனால் இப்போது 'தமிழ் அகராதி' என்ற ஒரே வரி இரண்டு பதிவுகளாகிறது. முதல் பதிவில் 'தமிழ்' என்ற சொல்லும் அதையடுத்துக் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியும் வருகின்றன. இரண்டாம் பதிவில் 'கராதி' மட்டும் இருக்கிறது. 'தமிழ் இலக்கணம்', 'ஆடு வளர்ப்பு', 'கணக்குப் பயிற்சி' ஆகியவற்றுக்கு எந்தச் சேதமும் இல்லை. பக்கம், அட்டவணை, கோப்பு எல்லாமே யூடிஎஃப்-8 குறியாக்கத்தில்தான் உள்ளன. 'அ'வுக்கு மட்டும் என்ன நேர்கிறது என்று விளக்க முடியுமா?

மறுமொழி 1

தீர்வை முதலில் சொல்லிவிடுகிறேன்: ரெஜெக்ஸை முடிக்கும் சாய்கோட்டுக்குப் பின்னால் சிறிய யூ என்ற எழுத்தைச் சேருங்கள், சிக்கல் நின்றுவிடும். காரணத்தைத் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது தமிழில் நிரல் எழுதும் எவருக்கும் என்றாவது ஒருநாள் வந்து சேரக்கூடிய சிக்கல்.

யூனிகோடில் 'அ'வின் எண் 2949. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. பிஎச்பியின் சரங்கள், அதாவது உரை மதிப்புகள், எழுத்துகளைப் பற்றி எதுவும் அறியாதவை. அவை பைட்டுகளின் வரிசை மட்டுமே. யூ குறி இல்லாதபோது ரெஜெக்ஸ் நூலகமும் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகவே எண்ணிக்கொள்கிறது. பேக்ஸ்லாஷும் பெரிய ஆரும் சேர்ந்த குறியீடு, வழக்கமாக வரிமுறிவைக் குறிக்கும் 13, 10 என்ற பைட் இணையையும், தனித்து வரும் 10, 11, 12, 13 ஆகியவற்றையும் ஏற்பதோடு 133ஐயும் வரிமுறிவாக ஏற்கிறது. 133 என்பது 'நெக்ஸ்ட் லைன்' என்ற கட்டுப்பாட்டுக் குறி. ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் புழங்கிய வரிமுறிவுக்கு இணையாக நிற்பது. எனவே 'அ'வின் மூன்றாம் பைட்டை வரிமுறிவு என்று கருதி நூலகம் அதை வெட்டி எறிகிறது. முன்துண்டின் கடைசியில் 224, 174 என்ற இரண்டு பைட்டுகள் அநாதையாக நிற்கின்றன. அவற்றைத்தான் உலாவி கேள்விக்குறியாகக் காட்டுகிறது.

'கணக்கு' தப்பிப்பதற்கும் இதுவே விளக்கம். அதன் ஒலியில் அகரம் இருந்தாலும், எழுத்தில் 'க' என்ற ஒரே குறிதான் இருக்கிறது. தமிழில் 'அ' பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே தனி எழுத்தாக வரும் என்பதால், சில வரிகள் உடைந்து பல வரிகள் நலமாக இருக்கும். சோதனைக்கு எடுத்துக்கொண்ட சொற்களில் 'அ'வில் தொடங்குவது ஒன்றுகூட இல்லையென்றால், இந்தப் பிழை தலைகாட்டாமலே வெளியீடு வரை போய்விடும்.

மேலும், இது தமிழோடு நிற்பதில்லை. யூனிகோடில் இந்திய எழுத்துமுறைகள், இந்திய மொழிகளுக்கான பழைய குறியாக்கமான இஸ்கி தரத்தின் அடுக்கைப் பின்பற்றி வரிசைப்படுத்தப்பட்டதால், இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றின் அகர எழுத்துகளும் 133 என்ற பைட்டிலேயே முடிகின்றன. சிங்களத்தின் அகரமும் அப்படியே. ஸ்வீடிஷ், நார்வேஜிய மொழிகளில் தலையில் சிறு வட்டம் இட்ட பெரிய ஏ எழுத்து 195, 133 என்பதால் அவர்களுக்கும் இதே தொல்லை உண்டு.

மறுமொழி 2

முதல் மறுமொழியின் விளக்கம் முற்றிலும் சரி. ஆனாலும் இந்த வேலைக்கு ரெஜெக்ஸே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிஎச்பி_இஓஎல் ஏன் ஏமாற்றியது என்பதிலிருந்து தொடங்குவோம். அந்த மாறிலி, பிஎச்பி ஓடும் இயங்குதளத்தின் வரிமுறிவைச் சொல்கிறது. உரையை அனுப்பிய உலாவியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. படிவத்தை அனுப்பும்போது டெக்ஸ்ட்ஏரியாவில் உள்ள வரிமுறிவு ஒவ்வொன்றையும் உலாவி 13, 10 என்ற இணையாக மாற்ற வேண்டும் என்பது எச்டிஎம்எல் தரத்தின் விதி. அனுப்புபவர் லினக்ஸ் வைத்திருந்தாலும் கைப்பேசி வைத்திருந்தாலும் இதுவே நடக்கும். விண்டோஸில் அந்த மாறிலியும் 13, 10 என்பதால் உங்கள் கணினியில் தற்செயலாகப் பொருந்தியது. லினக்ஸில் அது வெறும் 10; ஆகவே 13 ஒவ்வொரு பெயரின் வாலிலும் தங்கிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நாளை இந்தப் படிவத்தை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஜேசான் என்ற தரவு வடிவத்தில் அனுப்பத் தொடங்கினால், டெக்ஸ்ட்ஏரியாவின் மதிப்பில் வரிமுறிவு 10 மட்டுமே இருக்கும். இரண்டும் வரக்கூடும் என்று எண்ணியே நிரலை எழுத வேண்டும்.

நான் கையாளும் முறை இது. எஸ்டிஆர்_ரீப்ளேஸைக் கொண்டு முதலில் 13, 10 என்ற இணையையும், பிறகு தனித்த 13ஐயும் 10 ஆக மாற்றுகிறேன். அதன்பின் எக்ஸ்ப்ளோட் கொண்டு 10இல் பிரிக்கிறேன். வரிசை மாறக் கூடாது. தனித்த 13ஐ முதலில் மாற்றினால் ஒரே வரிமுறிவு இரண்டாகி, ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வெற்று வரி முளைக்கும். வரிமுறிவுக் குறிகளை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் பிஎச்பி அவற்றைப் பேக்ஸ்லாஷ், என் என்ற இரண்டு சாதாரண எழுத்துகளாக எடுத்துக்கொள்ளும்.

இம்முறை தமிழுக்குப் பாதுகாப்பானது என்பதற்கு யூடிஎஃப்-8இன் கட்டமைப்பே உத்தரவாதம். ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டுகளால் ஆன எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் குறைவாக இருக்காது. ஆதலால் 10, 13 ஆகியவை ஒரு தமிழ் எழுத்தின் உள்ளே வரவே முடியாது.

யூ குறியைப் பயன்படுத்தினால் இன்னொரு கவனம் தேவை. உள்ளே வரும் உரையில் ஒரே ஒரு பைட் செல்லாததாக இருந்தாலும் பிரெக்_ஸ்ப்ளிட் துண்டுகளின் வரிசைக்குப் பதிலாக, தோல்வியைக் குறிக்கும் ஃபால்ஸ் என்ற மதிப்பைத் திருப்பித் தரும். தமிழுக்கான பழைய டிஸ்கி குறியாக்கக் கோப்பை யாராவது பதிவேற்றினால் இது நிச்சயம் நடக்கும். எம்பி_செக்_என்கோடிங் கொண்டு முன்கூட்டியே சோதித்து, செல்லாத உரையை அனுப்பியவருக்கே தெளிவான செய்தியோடு திருப்பிவிடுவது நல்லது.

மறுமொழி 1 எழுதியவர்

இதை ஏற்கிறேன். ஒரு சேர்க்கை: ஏற்கெனவே பல இடங்களில் பெரிய ஆர் பயன்பட்டிருந்து, யூ குறியைச் சேர்க்க முடியாத நிலை இருந்தால், ரெஜெக்ஸின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நட்சத்திரக் குறியுடன் பிஎஸ்ஆர்_எனிசிஆர்எல்எஃப் என்ற கட்டளையை இடலாம். அப்போது பெரிய ஆர் 13, 10, அவ்விரண்டின் இணை ஆகியவற்றை மட்டுமே ஏற்கும்; 133ஐத் தொடாது. பேக்ஸ்லாஷுடன் சிறிய வி சேர்ந்த குறியீடும் யூ குறி இல்லாமல் 133ஐ ஏற்கும் என்பதால், நிரலில் அதையும் தேடிப் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாம் மறுமொழியின் முறைக்கு மாற்றிவிட்டேன்; 'அகராதி' முழுமையாக வருகிறது. வெற்று வரிகளை நீக்க, ஒவ்வொரு வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை ட்ரிம் கொண்டு வெட்டியபின், வரிசையை வடிகட்டும் அர்ரே_ஃபில்டர் பயன்படுத்துகிறேன். அது சரிதானா? ஏற்கெனவே சேமிக்கப்பட்ட உடைந்த பதிவுகளை மீட்க வழி உண்டா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தன்னார்வலர்களை மீண்டும் தட்டச்சு செய்யச் சொல்ல மனம் வரவில்லை.

மறுமொழி 2 எழுதியவர்

ட்ரிம் இயல்பாக நீக்கும் குறிகள் அனைத்தும் 128க்குக் குறைவானவை, அதனால் தீங்கில்லை. அர்ரே_ஃபில்டரைத் தனி நிபந்தனை தராமல் அழைத்தால் பூஜ்யம் என்ற ஒற்றை இலக்கம் மட்டும் உள்ள வரியையும் வெற்று வரி என்று தூக்கிவிடும். நூற்பெயருக்கு இது பொருட்டில்லை என்றாலும், இதே நிரலைப் படிகளின் எண்ணிக்கைக்குப் பயன்படுத்தினால் இல்லாத நூல்கள் பட்டியலிலிருந்தே மறையும். வெற்றுச் சரமா என்று வெளிப்படையாக ஒப்பிடும் ஒரு செயற்கூற்றைக் கொடுங்கள். நீக்கியபின் வரிசையின் எண்களில் இடைவெளி விழும். அதை ஜேசானாக மாற்றப் போவதாக இருந்தால் அர்ரே_வேல்யூஸ் கொண்டு மறுபடி எண்ணிடுங்கள்.

மீட்புக்கு வழி இருக்கிறது. எஸ்க்யூலைட் உரையின் குறியாக்கத்தைச் சோதிக்காமல் பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்வது இங்கே உங்களுக்குச் சாதகம். 224, 174 என்ற இரண்டு பைட்டுகளில் முடியும் பதிவு ஒவ்வொன்றும் 'அ'வில் வெட்டுப்பட்ட முன்துண்டு. அதனோடு 133 என்ற பைட்டைச் சேர்த்து, பதிவெண்ணில் அடுத்து வரும் பதிவை ஒட்டினால் பழைய வரி கிடைத்துவிடும். ஒரே வரியில் 'அ' இரண்டு முறை வந்திருந்தால் ஒட்டிய துண்டும் மறுபடி 224, 174இல் முடியும். ஆகவே அப்படி முடியாத துண்டு வரும் வரை தொடர்ந்து ஒட்டுங்கள்.

ஒரே இடத்தில் கண்ணால் பார்த்தாக வேண்டும். 'பயிற்சி நூல் பகுதி அ' என்பதுபோல் வரியின் கடைசி எழுத்தே 'அ'வாக இருந்திருந்தால், அதற்குப் பின்வந்த துண்டு வெறுமையாகி உங்கள் வடிகட்டலில் நீங்கியிருக்கும். அங்கே அடுத்த பதிவு வேறொரு நூலின் பெயர். கண்மூடித்தனமாக ஒட்டினால் இரண்டு நூல்கள் ஒன்றாகிவிடும். ஆகவே நிரல் முதலில் மூலத்தைத் தொடாமல், ஒட்டிய வரிகளைத் தனிப் பட்டியலாகக் காட்டட்டும். அவற்றைச் சரிபார்த்து, அட்டவணையின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டபின் பதிவுகளை மாற்றுங்கள்.